ஏரி ஒன்று, ஆபீஸ் ஐந்து: வாசகர் கேள்வி, நம் பதில்

போன இதழில் ஒரு பதிலின் நடுவே, "சென்னை எங்கே முடிகிறது என்று சரியாகச் சொல்பவருக்கு ஒரு ஃபில்டர் காபி" என்று விளையாட்டாக எழுதிவிட்டேன். காபி கேட்டு யாரும் வரவில்லை, கேள்விகள்தான் வந்து குவிந்தன. அதனால் இந்த முறை சினிமா, சமையல், ஜோசியக் கேள்விகளுக்கு லீவு. பெயர் வேண்டாம் என்று பலர் எழுதியிருந்ததால் எல்லாருக்கும் ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

எம்.ஏ. பொது நிர்வாகம் படிக்கிறேன். 'ஒரு பெருநகரப் பகுதியை எப்படி நிர்வகிப்பது' என்று கைடு தலைப்புக் கொடுத்துவிட்டார். நூலகத்தில் உட்கார்ந்தால் கட்டம் கட்டமாகப் படங்கள்தான் வருகின்றன. மேலே ஒரு கட்டம், கீழே நாலு கட்டம், நடுவில் அம்புக்குறி. எங்கிருந்து தொடங்குவது? (மாணவி, திருச்சி)

அந்தப் படங்களை மூடி வைத்துவிட்டு ஓர் ஏரிக்குப் போங்கள். கிண்டல் இல்லை, நிஜமாகத்தான் சொல்கிறேன். திருச்சியிலிருந்து வரும் ரயிலில் தாம்பரத்தில் இறங்கினால் சுற்றுவட்டாரத்தில் ஏரிக்குப் பஞ்சமில்லை. ஏதாவது ஒன்றின் கரையில் காலையில் ஒரு முழுச் சுற்று நடங்கள். மதகு எங்கே, கலங்கல் எங்கே, உபரித் தண்ணீர் எந்தக் கால்வாயில் போகிறது என்று பாருங்கள். அப்புறம் ஒவ்வொன்றாக, "இது யாருடையது?" என்று விசாரியுங்கள்.

ஏரியே யாருடையது என்பதில் தொடங்கும் வேடிக்கை. ஆயக்கட்டு நூறு ஏக்கருக்கு மேல் என்றால் பொதுப்பணித் துறை, இப்போது நீர்வளத் துறை என்கிறோம். நூறுக்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். ஆயக்கட்டு என்பது அந்த ஏரித் தண்ணீரில் விளைந்த வயல். அந்த வயலில் இப்போது ஐந்து மாடிக் குடியிருப்பு நிற்கிறது, நெல்லைப் பார்த்து முப்பது வருஷம் ஆகியிருக்கும். ஆனாலும் ஏரி யார் கையில் என்பதை இன்றைக்கும் அந்த இல்லாத நெல்தான் முடிவு செய்கிறது. கரையோரம் கொட்டிய குப்பையும் ஏரிக்குள் திருப்பிவிட்ட சாக்கடையும் உள்ளாட்சியின் தலைவலி. ஓரத்தில் எழும்பிய வீட்டின் பட்டாவும் புலப்படமும் வருவாய்த் துறையிடம். கட்டட அனுமதி, மனைப்பிரிவு என்றால் சிஎம்டிஏ, அதாவது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம். உபரிக் கால்வாயைத் தாண்டி ஒரு ரோடு போகும், அதன் கீழே குழாய் மாதிரி ஒரு சின்னப் பாலம் இருக்கும், அது நெடுஞ்சாலைத் துறை. ஆக ஏரி ஒன்று, ஆபீஸ் ஐந்து. மழைக்காலத்தில் தண்ணீர் அந்தச் சின்னப் பாலத்தில் முட்டி நின்று தெருவுக்குள் திரும்பும்போது ஜனங்கள் வீட்டுக்கே போய்க் கூப்பிடுவது வார்டு கவுன்சிலரை. அவருக்கோ அந்த ஐந்தில் நாலு ஆபீஸில் உட்கார நாற்காலிகூடப் போட மாட்டார்கள்.

உங்கள் நோட்டில் மூன்று பத்திதான் வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் கையெழுத்து யாருடையது, காசு யாருடையது, திட்டு யாருக்கு. மூன்றும் ஒரே ஆளிடம் இருந்தால் அந்த வேலை எப்படியோ நடந்துவிடும். கையெழுத்து ஒருவரிடம், திட்டு இன்னொருவருக்கு என்று இருக்கிற இடங்களில்தான் உங்கள் ஆய்வு இருக்கிறது.

இதை எனக்கு எந்தப் பேராசிரியரும் சொல்லித் தரவில்லை, எங்கள் தெருதான் சொல்லித் தந்தது. தென்புறநகரில் வீடு. நான் குடிவந்த சமயம் தெருவின் மேற்குப் பாதி ஓர் உள்ளாட்சியில், கிழக்குப் பாதி இன்னொன்றில். இருவரும் மழைநீர் வடிகால் கட்டினார்கள். அவரவர் பாதியை அவரவர் ஒழுங்காகத்தான் கட்டினார்கள், சிமெண்ட் எல்லாம் நல்ல சிமெண்ட்தான். நடுவில் இரண்டும் சந்திக்கும் இடத்தில் மட்டும் ஒரு சாண் உயர வித்தியாசம், அதுவும் தண்ணீர் ஏற வேண்டிய பக்கமாக. அங்கே ஒரு தையல் கடை இருந்தது. ஐப்பசி பிறந்தால் அந்தத் தையல்காரர் மெஷினைச் செங்கல் மேல் தூக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். அவர் ஒரு கேள்வி கேட்டார்: "சார், நான் எந்த ஆபீஸுக்கு வரி கட்டுறேனோ அவங்க கட்டின பக்கம் சரியாத்தான் இருக்கு. அப்ப யார் மேல மனு எழுதறது?" உங்கள் ஆய்வின் முதல் பக்கத்தில் இந்தக் கேள்வியைப் போட்டுக்கொள்ளலாம், அவர் காப்புரிமை கேட்க மாட்டார்.

மாநகராட்சி, சிஎம்டிஏ, இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? எந்த வேலைக்கு எங்கே போவது என்று தெரியாமல் பஸ் செலவுதான் ஆகிறது. (வாசகர், அம்பத்தூர்)

கல்யாண வீட்டில் பந்தியை எங்கே போடுவது, எத்தனை பேருக்கு இடம், கார் எங்கே நிற்க வேண்டும் என்று முடிவு செய்பவர் ஒருவர். இலை போட்டு, பரிமாறி, எச்சில் இலை எடுப்பவர் இன்னொருவர். முதலாமவர் சிஎம்டிஏ, அடுத்தவர் மாநகராட்சி. சாம்பார் தீர்ந்தால் பரிமாறுகிறவரைத்தான் கேட்பார்கள்.

வயதிலும் பெரிய வித்தியாசம். மாநகராட்சிக்கு 1687 டிசம்பரில் சாசனம் கிடைத்து 1688 செப்டம்பர் 29 அன்று நடைமுறைக்கு வந்தது, இந்தியாவிலேயே பழையது. சிஎம்டிஏ 1972-ல் தற்காலிக ஏற்பாடாகத் தொடங்கி, 1974-ல் நகர ஊரமைப்புச் சட்டத்தின்கீழ் நிரந்தரமானது. அதற்கு ஒதுக்கிய பரப்பு 1,189 சதுர கி.மீ. அதற்குள் சென்னை மாநகரம் போக 16 நகராட்சி, 20 பேரூராட்சி, 214 கிராம ஊராட்சி இருந்ததாக 2008-ல் வந்த இரண்டாவது மாஸ்டர் பிளான், அதாவது எந்த நிலத்தில் என்ன வரலாம் என்று சொல்லும் முழுத் திட்டம், கணக்குச் சொன்னது. முதல் பிளான் 1976-ல் வந்தது. மூன்றாவது 2027 முதல் 2046 வரைக்கானது.

வித்தியாசத்தில் முக்கியமானது இதெல்லாம் இல்லை. மாநகராட்சிக்கு நீங்கள் ஓட்டுப் போடுகிறீர்கள், சிஎம்டிஏவுக்குப் போடுவதில்லை. அதன் தலைவர் அமைச்சர், மற்றவர்கள் பெரும்பாலும் அரசு நியமிக்கிறவர்கள். உங்கள் தெருவுக்குப் பின்னால் தொழிற்சாலை வரலாமா, வீடு வரலாமா என்று இருபது வருஷத்துக்கு முடிவு செய்கிற மேசையில் நீங்கள் நேராக அனுப்பிய ஆள் என்று யாரும் இல்லை.

அரசியல் சட்டம் இதை யோசிக்காமல் விடவில்லை. 1993 ஜூன் 1-ல் அமலுக்கு வந்த 74-வது திருத்தம், பத்து லட்சம் பேருக்கு மேல் வாழும் பெருநகரப் பகுதிக்கு ஒரு பெருநகரத் திட்டக் குழு வேண்டும் என்கிறது. பிரிவு எண் 243ZE என்பதை '243 இசட் ஈ' என்று படிக்கவும், நான் முதலில் ஏதோ மோட்டார் வண்டி நம்பர் என்று நினைத்தேன். அந்தக் குழுவில் மூன்றில் இரண்டு பங்கு பேர் அந்தப் பகுதியின் உள்ளாட்சிகளில் ஜெயித்தவர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்து அனுப்பியவர்களாக இருக்க வேண்டும். கொல்கத்தாவில் 1994-ல் சட்டம் போட்டு 2001-ல் குழு அமைத்தார்கள், அதற்கும் தலைவர் முதலமைச்சர்தான். சென்னையில் பேனா இன்னும் சிஎம்டிஏ கையில்தான்.

எங்கள் ஊராட்சி சென்னையோடு சேர்ந்துவிட்டதாகப் பேசிக்கொள்கிறார்கள். வரி ஏறுமா? நல்லதா கெட்டதா? (ஊராட்சி வார்டு உறுப்பினர், செங்கல்பட்டு மாவட்டம்)

ஐயா, இரண்டு வேறு 'சேர்ப்பு' இருக்கிறது, டீக்கடையில் இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுகிறார்கள். 2022-ல் நடந்தது திட்டப் பகுதியை விரித்தது. 1,189 என்பது 5,904 சதுர கி.மீ. ஆனது. சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களோடு ராணிப்பேட்டை மாவட்டத்துப் பக்கமும் கொஞ்சம் உள்ளே வந்தது. அதில் உங்கள் ஊர் இருந்தாலும் உங்கள் ஊராட்சி, தலைவர், கிராம சபை எல்லாம் அப்படியேதான். மனைப்பிரிவு, பெரிய கட்டடம் என்றால் அனுமதி சிஎம்டிஏ பக்கம் போகும், நிலம் விற்க வருகிறவர் ஏக்கர் கணக்கை விட்டுவிட்டு சதுர அடிக் கணக்குப் பேச ஆரம்பிப்பார். உடனே கண்ணில் படுவது அவ்வளவுதான்.

மாநகராட்சியோடு இணைப்பது அப்படி இல்லை. 2011-ல் சென்னை மாநகராட்சி 174 சதுர கி.மீட்டரிலிருந்து 426 ஆனபோது 9 நகராட்சி, 8 பேரூராட்சி, 25 ஊராட்சி என்று 42 உள்ளாட்சிகள் ஒரே நாளில் மறைந்துபோயின. இணைந்தால் கிராம சபை போகும். ஊரில் நூறு நாள் வேலை என்கிறோமே, அது கிராமத்துக்கான திட்டம், அதுவும் போகும். சொத்து வரி நகர விகிதத்துக்கு வரும். இணைப்பு என்றதும் ஊர்களில் பெண்கள் முதலில் சாலைக்கு வந்து உட்கார்வது ஏன் என்று ஆபீஸர்கள் ஆச்சரியப்படுவதுதான் எனக்கு ஆச்சரியம்.

அதற்காக வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பத்தாயிரம் புதுக் குடியிருப்பு வந்துவிட்ட ஊராட்சியில் இரண்டு டிராக்டரை வைத்துக்கொண்டு குப்பை அள்ள முடியாது, கழிவுநீர் லாரி இரவோடு இரவாக எங்கே கொட்டுகிறது என்று உங்களுக்கே தெரியும். ஆனால் 2011-ல் சேர்ந்த இடங்களில் சேர்ந்த கையோடு பாதாளச் சாக்கடை வந்துவிடவில்லை, பத்து வருஷம் கழித்தும் குழி தோண்டிக்கொண்டிருந்த தெருக்கள் உண்டு. அதனால் கிராம சபையில் 'வேண்டும், வேண்டாம்' என்று இரண்டே தீர்மானம் போடாதீர்கள். எந்த வருஷத்துக்குள் எந்த வேலை, அதுவரை எந்த வரி என்று எழுத்தில் கேளுங்கள். கிடைக்கும் என்று உத்தரவாதம் தர மாட்டேன், கேட்டதாகப் பதிவாவது இருக்கும்.

லண்டனில் மூன்று வருஷம் ஒரு கமிஷன் உட்கார்ந்து இதையே ஆராய்ச்சி செய்ததாமே? அதைப் பார்த்து நாம் காப்பி அடித்தால் போதாதா? (ஓய்வு பெற்ற ஆசிரியர், கோயம்புத்தூர்)

காப்பி அடிக்கத் தகுந்த விடைத்தாள்தான், ஆனால் அதைத் திருத்திய விதத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

லண்டனுக்கு 1889 முதல் கவுண்டி கவுன்சில் என்று தேர்ந்தெடுத்த ஒரு மன்றம் இருந்தது. நகரம் அந்த எல்லையைத் தாண்டி வளர்ந்துவிட்டது, எல்லை மட்டும் நகரவில்லை. 1957-ல் சர் எட்வின் ஹெர்பர்ட் தலைமையில் ஏழு பேர் கொண்ட ராயல் கமிஷனைப் போட்டார்கள். அவர்கள் அறைக்குள் உட்கார்ந்து காகிதம் மட்டும் படிக்கவில்லை, உள்ளாட்சிகளுக்கு நேரில் போய்ப் பார்த்தார்கள், கேட்டார்கள். லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் ஆட்கள், யுனிவர்சிட்டி காலேஜ் ஆட்கள் எல்லாம் தனித்தனியாகக் குழு வைத்து ஆராய்ந்து சாட்சியம் கொடுத்தார்கள், இருவர் சொன்னதும் ஒன்றாக இல்லை. 1960 அக்டோபரில் அறிக்கை வந்தது. ஏழு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்: வீட்டுப் பக்கத்து வேலைகளை நடத்த பரோ என்கிற உள்ளாட்சிகள் 52, ரோடு, போக்குவரத்து, திட்டம் மாதிரி எல்லை தாண்டும் வேலைகளுக்கு மட்டும் மேலே ஒரு மாமன்றம். இரண்டுக்கும் தேர்தல் உண்டு. கையெழுத்து, காசு, திட்டு என்ற நம் மூன்று பத்திக்கு அவர்கள் எழுதிய பதில் அது: கையெழுத்து போகிற இடத்துக்கே ஓட்டும் போகட்டும்.

கவனிக்க ஒரு விஷயம், போலீஸையும் குடிநீரையும் தொடக்கூடாது என்று கமிஷனுக்கு முதலிலேயே சொல்லிவிட்டார்கள். எந்த ஆய்வையும் படிக்கும்போது அதன் கண்டுபிடிப்புக்கு முன்னால் எதைக் கேட்க விட்டார்கள், எதைக் கேட்க விடவில்லை என்பதைப் பாருங்கள்.

அப்புறம் அரசியல்வாதிகள் கையில் வந்தது. 52 என்பது 32 ஆனது. ஓரத்தில் இருந்த எப்சம் மாதிரி வசதியான ஊர்கள், லண்டனோடு சேர்ந்தால் வரி கூடும் என்று கூச்சல் போட்டு நழுவிக்கொண்டன. பழைய கவுண்டி கவுன்சில் 1934 முதல் தொழிற்கட்சியின் கோட்டையாக இருந்தது, எல்லையைப் பெரிதாக்கினால் புறநகர் ஓட்டு நமக்கு என்று கன்சர்வேட்டிவ்கள் கணக்குப் போட்டார்கள் என்பது அப்போதே எல்லாரும் பேசிய பேச்சு. 1964-ல் புது மாமன்றத்துக்கு முதல் தேர்தல் நடந்தது, ஜெயித்தது தொழிற்கட்சி! 1965 ஏப்ரல் 1-ல் கிரேட்டர் லண்டன் கவுன்சில் பதவியேற்றது.

கதை அங்கே முடியவில்லை. 1981-க்குப் பிறகு அந்தக் கவுன்சிலை நடத்திய தொழிற்கட்சிக்காரர் கென் லிவிங்ஸ்டன், நாடாளுமன்றத்துக்கு ஆற்றின் எதிர்க்கரையில் இருந்த கவுன்சில் கட்டடத்தின் மேல் லண்டனில் எத்தனை பேர் வேலையில்லாமல் இருக்கிறார்கள் என்ற எண்ணைப் பெரிய பேனராகத் தொங்கவிட்டார். எதிரே பிரதமர் தாட்சரின் கன்சர்வேட்டிவ் அரசு. 1986 மார்ச் 31-ல் கவுன்சிலையே கலைத்துவிட்டார்கள். பதினாலு வருஷம் அவ்வளவு பெரிய ஊருக்குப் பொதுவாக ஒரு தேர்ந்தெடுத்த அமைப்பு கிடையாது. 1998-ல் மக்களிடமே கேட்டார்கள், ஓட்டுப் போட்டவர்களில் 72 சதவீதம் பேர் வேண்டும் என்றார்கள், 2000 மே மாதம் மேயர் தேர்தல் நடந்தது. சுயேச்சையாக நின்று ஜெயித்தவர் அதே லிவிங்ஸ்டன். தமிழ் சினிமாவில் இப்படி ஒரு இரண்டாம் பாதி எழுதினால் நம்ப முடியவில்லை என்று விமர்சனம் எழுதுவோம்.

எனவே சார், காப்பி அடிப்பதென்றால் ஆராய்ந்த முறையை அடிக்கலாம். கட்டங்களை மட்டும் எடுத்து வந்தால், மேலே இருக்கிற அரசுக்குப் பிடிக்காத நாளன்று அவை என்ன ஆகும் என்பதற்கும் லண்டனே பதில் சொல்லியிருக்கிறது.

எல்லாவற்றையும் ஒன்றாக்குவது நல்லதா, பிரிப்பது நல்லதா? ஒரே வரியில் சொல்லவும். (வாசகர், வேலூர்)

டெல்லியில் 2012-ல் ஒரே மாநகராட்சியை மூன்றாகப் பிரித்து, 2022-ல் மூன்றையும் மறுபடி ஒன்றாக்கினார்கள்.

ஒரு வரி முடிந்தது. இருந்தாலும் இன்னும் கொஞ்சம். பிரித்தபோது வரி தரும் பெரிய வணிகப் பகுதிகள் தெற்கே போய்விட்டன, கிழக்கு டெல்லிக்கு ஜனம் மட்டும் மிஞ்சியது. துப்புரவுத் தொழிலாளருக்கு மாதக் கணக்கில் சம்பளம் வராமல் தெருவில் குப்பையைக் கொட்டிப் போராடினார்கள். வரைபடத்தில் கோடு போட்டவர்கள் வார்டை எண்ணினார்கள், வரியை எண்ணவில்லை.

பெங்களூரு எதிர்த் திசையில் போய்ப் பார்த்தது. 2007-ல் சுற்றியிருந்த நகராட்சிகளையும் நூற்றுப்பத்து கிராமங்களையும் சேர்த்து ஒரே பெரிய மாநகராட்சி. 2008-ல் கஸ்தூரிரங்கன் குழு, மேயரை மக்களே நேராகத் தேர்ந்தெடுக்கட்டும், ஐந்து வருஷப் பதவி கொடுங்கள் என்றது. பிறகு பி.எஸ். பாட்டீல் குழு, ஒன்று போதாது, பல மாநகராட்சிகள் ஆக்கி மேலே ஒரு பொது அமைப்பு வையுங்கள் என்றது. இப்போது 2025 செப்டம்பரில் கிரேட்டர் பெங்களூரு ஆணையம், அதன்கீழ் ஐந்து மாநகராட்சிகள் என்று வந்திருக்கிறது. ஆணையத்துக்குத் தலைவர் யார் என்று நான் சொல்ல வேண்டுமா? முதலமைச்சர். பாட்டீல் குழுவின் கட்டங்கள் கிடைத்தன, கஸ்தூரிரங்கன் குழுவின் மேயர் கிடைக்கவில்லை.

நான் பொருளாதாரம் படிக்கிறேன். சின்னச் சின்ன உள்ளாட்சிகள் என்றாலே திறமைக் குறைவு என்று வகுப்பில் சொல்கிறார்கள். உண்மையா? (கல்லூரி மாணவர், மதுரை)

தம்பி, 2009-ல் பொருளாதாரத்துக்கு நோபல் பரிசு வாங்கிய எலினார் ஆஸ்ட்ரம் பெயரை வகுப்பில் சொல்லிப் பாருங்கள். அவர் நோபல் வாங்குவதற்கு ஏறக்குறைய நாற்பது வருஷம் முன்பே இண்டியானாபொலிஸ் நகரத்தில் போலீஸைப் பற்றி ஆராய்ந்தார். ஒரே மாதிரி மக்கள் வாழும் பகுதிகளை எடுத்துக்கொண்டு, பெரிய நகரப் போலீஸ் பார்க்கும் இடத்தையும் சின்ன ஊரின் சொந்தப் போலீஸ் பார்க்கும் இடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடியிருப்பவர்களிடமே கேட்டார். கூப்பிட்டால் எவ்வளவு நேரத்தில் வருகிறார்கள், நடத்தை எப்படி என்று. சின்னப் போலீஸ் சளைக்கவில்லை, பல விஷயத்தில் மேல் என்று வந்தது. எல்லாவற்றையும் ஒன்றாக்கினால்தான் உருப்படும் என்பது அமெரிக்காவில் அப்போது கிட்டத்தட்ட வேதவாக்கு.

எனக்கு அதைவிடப் பிடித்தது அவருடைய முனைவர் பட்ட ஆய்வு, 1965-ல் முடித்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் கடற்கரை ஓரம் வெஸ்ட் பேசின் என்று ஒரு நிலத்தடி நீர்ப்பகுதி. ஆளாளுக்கு போர்வெல் போட்டு உறிஞ்சியதில் கடல்நீர் உள்ளே வந்துவிட்டது. அங்கே பல ஊர்கள், பல கம்பெனிகள், எல்லாருக்கும் பொதுவாக ஒரே ராஜா கிடையாது. தண்ணீர் எடுப்பவர்களே சங்கம் வைத்து, கோர்ட்டுக்குப் போய் யார் எவ்வளவு எடுக்கலாம் என்று ஒப்பந்தத்துக்கு வந்து, கடலோரம் வரிசையாகக் கிணறு போட்டு நல்ல தண்ணீரை உள்ளே செலுத்திக் கடல்நீரைத் தடுத்தார்கள். சென்னைக்கு வடக்கே மீஞ்சூரிலும் இதே உப்புக் கதைதான், பல பத்தாண்டாக உறிஞ்சி உறிஞ்சிக் கிணறு கரிக்கிறது. ஆனால் அங்கே உறிஞ்சியதில் நகரத்தின் தாகமும் சேர்ந்தது. கரிப்பது விவசாயி கிணற்றில், குடித்தது எங்களை மாதிரி ஆட்கள். பாதிக்கப்பட்டவரும் எடுத்தவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசத் தோதான மேசையே கிடையாது. ஆஸ்ட்ரம் சொன்னதைச் 'சின்னதே அழகு' என்று சுருக்கிவிடாதீர்கள். அந்த மேசையை யார் போட்டார்கள், எப்படிப் போட்டார்கள் என்று பார்க்கச் சொல்கிறார்.

ஒரு எச்சரிக்கை. ஆறு விஷயத்தில் இந்த வாதம் கொஞ்சம் திணறும். அடையாறு ஆதனூர் ஏரிப் பக்கம் தொடங்கி, முடிச்சூர், வரதராஜபுரம் ஓரமாக வந்து சைதாப்பேட்டையைத் தாண்டித்தான் கடலுக்குப் போகிறது. 2015 டிசம்பர் முதல் இரண்டு நாளில் மேலே பெய்த மழை, செம்பரம்பாக்கத்தில் திறந்த தண்ணீர் எல்லாம் கீழே இருப்பவர் வீட்டுக்குள் வந்தபோது, சங்கம் கூட்டி ஒப்பந்தம் பேச நேரம் இருக்கவில்லை. எல்லா வேலைக்கும் ஒரே அளவு சட்டை கிடையாது. குப்பை அள்ள வார்டு போதும், பஸ்ஸுக்கு மாவட்டம் போதாது, வெள்ளத்துக்கு ஆற்றின் முழு நீளமும் வேண்டும்.

பஸ், மெட்ரோ, மின்சார ரயில் எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட் எப்போது வரும் என்று இருபது வருஷமாகக் கேட்கிறேன். (வாசகி, பெரம்பூர்)

வந்துவிட்டது அம்மா, 2025 செப்டம்பரில் 'சென்னை ஒன்' என்று செல்போன் செயலி. போன் இருந்தால் பாருங்கள். அதை வெளியிட்ட அமைப்பின் பெயர் கும்டா, போக்குவரத்தை எல்லாம் ஒருங்கிணைக்க வந்த குழுமம். அதற்கான சட்டம் 2010-ல் வந்தது, முதல் கூட்டம் நடந்தது 2022-ல். பன்னிரண்டு வருஷம் என்பது குறிஞ்சி பூக்கிற கணக்கு.

இதையெல்லாம் படித்து என்ன ஆகப்போகிறது? கோட்டையில் ஒரு ஜி.ஓ. போட்டால் எல்லை மாறிவிடும். உங்கள் மேயரும் கவுன்சிலரும் பொம்மைகள். (வாசகர், திருநெல்வேலி)

கோபத்தில் பாதி நியாயம் இருக்கிறது. 2016 அக்டோபரில் சென்னை மன்றத்தின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19-ல். ஐந்து வருஷத்துக்கு மேல் மேயரும் இல்லை, கவுன்சிலரும் இல்லை, தனி அலுவலர் ஆட்சி. அந்த இடைவெளியில் வெள்ளத்துக்குப் பிந்தைய வேலைகள், கொரோனா எல்லாம் வந்து போயின. நகரம் ஓடத்தான் செய்தது, அதனால் கவுன்சிலர் எதற்கு என்று கேட்பவர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஓடியது உண்மைதான். திட்டுவதற்கு வீட்டுக்கு அருகில் ஆள் இல்லாமல் ஓடியது.

ஆனால் ஜி.ஓ. போட்டால் எல்லாம் முடிந்தது என்பதும் சரியில்லை. 2018 தொடக்கத்தில் பெருநகரப் பகுதியை 8,878 சதுர கி.மீ. ஆக்கப் போகிறோம் என்று அறிவிப்பு வந்தது. அரக்கோணம் வரை சென்னையா என்று கேட்டார்கள், ஆட்சேபம் எழுதினார்கள், வழக்குப் போட்டார்கள். கடைசியில் 2022-ல் வந்தது 5,904. மூவாயிரம் சதுர கிலோமீட்டர் குறைந்ததற்கு ஆட்சி மாறியது உட்படப் பல காரணம் இருக்கலாம், ஆட்சேப மனுவும் அதில் ஒன்று என்றே நினைக்கிறேன். படித்துவிட்டு எழுதிய மனுவுக்கும் சும்மா எழுதிய மனுவுக்கும் வித்தியாசம் உண்டு. மாஸ்டர் பிளான் வரைவு வெளியாகி ஆட்சேபம் கேட்கும்போது, "எங்கள் பகுதியைக் கெடுக்காதீர்கள்" என்று எழுதினால் ஃபைலில் போய்விடும். சர்வே எண், கால்வாயின் அகலம், அது யார் பொறுப்பில் இருக்கிறது என்று எழுதினால் யாராவது ஒருவர் பதில் எழுதியே ஆக வேண்டும்.

திருநெல்வேலிக்காரர் என்பதால் ஒன்று சொல்லிவைக்கிறேன். பாளையங்கோட்டை தனி நகராட்சியாக இருந்த காலத்து ஆட்களை வீட்டில் விசாரியுங்கள். இணைப்புப் பற்றி என்னைவிட அவர்களிடம் நிறையக் கதை இருக்கும்.

அது சரி, தையல் கடை வடிகால் விஷயத்தைப் போன வருஷமும் ஒரு பதிலில் எழுதினீர்கள். சரியானதா இல்லையா? (வாசகி, குரோம்பேட்டை)

ஞாபகசக்திக்கு வணக்கம்! தெருவின் இரண்டு பாதியும் இப்போது ஒரே மாநகராட்சிக்குள் வந்துவிட்டன. இணைப்பு வந்த வாரம் தையல்காரருக்கு நானே லட்டு வாங்கிக் கொடுத்தேன். இனி ஒரே ஆபீஸ், ஒரே மனு என்று. ஐப்பசியில் மழை வந்தது, தண்ணீர் அதே இடத்தில் நின்றது, போய் மனு கொடுத்தோம். அங்கே இருந்த இளைஞர் மரியாதையாக உட்கார வைத்து, கம்ப்யூட்டரில் வரைபடத்தை இழுத்துப் பெரிதாக்கிக் காட்டினார். பழைய எல்லைக்கோடு இருந்த இடத்திலேயே இப்போது வார்டு எல்லை போகிறது. மேற்குப் பக்கம் ஒரு உதவிப் பொறியாளர், கிழக்குப் பக்கம் இன்னொருவர். மனுவை இரண்டு நகல் எடுத்து வரச் சொன்னார்.

ஒரே ஒரு மாற்றம், போன மாதம் இரண்டு பொறியாளர்களும் ஒரே நேரத்தில் அந்த இடத்துக்கு வந்து குனிந்து பார்த்தார்கள். தையல்காரர் டேப்பை எடுத்துக் கொடுத்தார், துணி அளக்கிற டேப். ஒன்பதரை அங்குலம் வந்தது. இருவரும் குறித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். மெஷின் இன்னும் செங்கல் மேல்தான் இருக்கிறது.